நாஸரும் யெமன் யுத்தமும்

ஜமால் அப்துல் நாஸர் என்றதும் நம்மவர்கள் 1956 சுயஸ் கால்வாயைத்தான் பேசுவார்கள். அவரை எடைபோட யெமனையும் பார்க்க வேண்டும் என்பேன்.

1918இல் அலெக்சாந்திரியாவில் தபால் ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1952 புரட்சி அவரை அதிகாரத்துக்குக் கொண்டுவந்தது. 1961இல் சிரியா அவரது ஐக்கியத்திலிருந்து பிரிந்தது பெரும் அவமானம். மறுவருடம் செப்டம்பரில் ஸன்ஆவில் இமாம் அல்-பத்ர் கவிழ்க்கப்பட்டதும், புதிய குடியரசைக் காக்கப் படை அனுப்பினார். ஸஊதி அரேபியா இமாமின் பக்கம் நின்றது. சிறிதாகப் போன படை 1965 அளவில் சுமார் 70,000 ஆனது. நச்சுவாயுக் குண்டுகளும் வீசப்பட்டன. இறந்த கிராமத்தவர்களும் முஸ்லிம்களே.

இதைக் கேள்வி கேட்க எகிப்தில் இடமிருக்கவில்லை. பத்திரிகைகளை 1960இலேயே அரசு கையகப்படுத்தியிருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் யாரிடம் போய்க் கேட்பாள்? 1962 டிசம்பரில் இந்திய-சீன சமரசத்துக்காகக் கொழும்பில் கூடிய ஆறு நாடுகளில் எகிப்தும் ஒன்று என்பது வேடிக்கைதான்.

1965இல் மன்னர் பைஸலுடன் ஜித்தாவில் செய்த உடன்பாடு நிலைக்கவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேல் தாக்கியபோது பல்லாயிரம் வீரர்கள் யெமன் மலைகளில் இருந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகே, கார்ட்டூம் மாநாட்டில், வெளியேற இணங்கினார்.

எகிப்தியப் படை போனபின் ஸன்ஆ முற்றுகையிடப்பட்டது. சுமார் 70 நாட்களில் அதை முறியடித்தவர்கள் யெமனியர்களே. 1970இல் ஸஊதியும் குடியரசை அங்கீகரித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 28இல், ஜோர்தான் மோதலுக்குச் சமரசம் செய்துவைத்த மறுநாள், நாஸர் வபாத்தானார்.