தமிழில் முதல் நூலை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்

நம் புதுவை நகரில் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்தபின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் சிறு நூலுடன் ஞானோபதேச வகுப்புக்குச் செல்வதை யாவரும் கண்டிருப்போம். உபதேசியார் வினவ, பிள்ளைகள் ஒருமித்த குரலில் விடை சொல்லும் அந்த முறை நமக்குப் பழகிப்போன ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கென அத்தகைய வினா விடை நூலை 1579ஆம் ஆண்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பதும், அவர் தம் பிறப்பின் காரணமாகத் துறவு மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்பதும் பலர் அறியாத செய்திகள். கிறிஸ்தவரும் இந்துக்களும் பௌத்தரும் கலந்துள்ள நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஒரு கத்தோலிக்கக் குருவின் வரலாற்றை எழுதுவதற்கு அந்த இரண்டாவது செய்தியே காரணம்.

அவர் பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். தமிழறிஞர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என வழங்குவர். போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டளவில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். 1496இல் போர்த்துக்கல் மன்னன் மனுவேல், யூதர்கள் திருமுழுக்குப் பெற வேண்டும், அன்றேல் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என ஆணை பிறப்பித்தான். அடுத்த ஆண்டில் நீங்குவதற்கும் வழியின்றி யூதர்கள் பெருந்திரளாக வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டனர். இவ்வாறு மாறியோர்க்குப் புதுக் கிறிஸ்தவர் என்று பெயரிட்டனர். மாறியபின் அவர்கள் மற்றவரோடு சமமாயினரா எனின், இல்லை. தூய இரத்தம், தூய்மையற்ற இரத்தம் என்ற பாகுபாடு எழுந்தது. மகன், பேரன், கொள்ளுப்பேரன் எனத் தலைமுறைகள் கடந்தும் அந்தக் கறை போகாது என்றனர். பதவிகளும் துறவு மடங்களும் ஒவ்வொன்றாக அவர்களுக்கு அடைக்கப்பட்டன. ஒரே கோயிலில் ஒரே இறைவனை வணங்கியும் பிறப்பைச் சொல்லி ஒதுக்கும் இக்கொடுமை ஐரோப்பாவிலும் இருந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

அண்டிரிக் இளமையில் பிரான்சிஸ்கன் துறவு மடத்தில் சேர்ந்தார். அவருடைய யூத வழித் தோற்றம் தெரியவந்தபோது மடத்தை விட்டு அனுப்பப்பட்டார். பின்னர்க் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். அங்கே 1545இல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அச்சபை தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பிறப்பை நோக்கி ஆளை விலக்கும் வழக்கம் அங்கு அப்போது இல்லை. எனினும் வேறொரு சபையின் உடையை அணிந்து நீங்கியவரைச் சேர்ப்பதற்கு அதன் விதியில் தடை இருந்தது. அத்தடையை நீக்கும் இசைவு உரோமையிலிருந்து வரவேண்டும். ஆகவே இறுதி வார்த்தைப்பாடு பெறாமலேயே பல ஆண்டுகள் அவர் உழைக்க நேர்ந்தது. 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார்.

அக்கடற்கரையின் நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். கன்னியாகுமரி முதல் வேம்பாறு வரை முத்தும் சங்கும் எடுத்து வாழ்ந்த பரதவ மக்கள் 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியே அவ்வாறு செய்தனர். சமயத்தை அவர்களுக்குக் கற்பிப்பார் எவருமிலர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தபோது, கோவாக் கல்லூரியில் பயின்ற மூன்று தமிழ் இளைஞர்களை உடன் அழைத்து வந்தார். இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருவில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்குச் சொன்னார்கள். ஊருக்கு ஓர் உபதேசியாரை நியமித்து, அவர்களுடைய ஊதியத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைக் கேட்டுப் பெற்றார். அரசியின் செருப்புப் பணத்தில் மீனவப் பிள்ளைகளின் ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது என்பது சுவையான வரலாறு.

ஆயினும் இம்முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. சொல்லிக்கொடுப்பவருக்கே தாம் சொல்வதன் பொருள் முழுதும் விளங்கவில்லை. பொருளறியாக் கிளிப்பாடம் எவ்வளவு நாள் நிற்கும்? அண்டிரிக் அடிகளார் இக்குறையைக் கண்டுகொண்டார். தொடக்கத்தில் அவரும் மொழிபெயர்ப்பாளரை வைத்தே பேசினார். அவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்பது தெரியாமல் நிற்பது அவருக்கு ஒவ்வவில்லை. தமிழைக் கற்றே தீருவது எனத் துணிந்தார். இலத்தீன் இலக்கணத்தில் பெயர்க்கும் வினைக்கும் எவ்வாறு வாய்பாடு அமைப்பரோ அவ்வாறே தமிழுக்கும் அமைத்துக்கொண்டு, இரவு பகலாக உழைத்துச் சில திங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசலானார். முன்னைய மொழிபெயர்ப்புகளில் இருந்த பிழைகளைத் திருத்தினார். 1549ஆம் ஆண்டளவில் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது அதுவே. பேச்சுத் தமிழின் உருவங்களையே அவர் பெரிதும் பதிவு செய்தார். புலவர் வீட்டுத் திண்ணையில் அன்றி மீனவர் குடிசைகளின் இடையே கற்ற தமிழ் அது. அக்கால மக்கள் எவ்வாறு பேசினார்கள் என்பதை அறிய விரும்பும் மொழியியல் அறிஞர்க்கு அந்நூல் பெருஞ்செல்வமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சவேரியார் அவர் பணியை மிகவும் மதித்து, தமிழைப் பேசவும் எழுதவும் வல்லவர் என்றும் இருவர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்பவர் என்றும் உரோமைக்கு எழுதினார். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி என்னும் குரு கொல்லப்பட்டபின், தோழர்கள் கூடி அண்டிரிக் அடிகளாரையே கடற்கரைப் பணிக்குத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கத் தயங்கப்பட்ட ஒருவரின்கீழ் மற்றவர் மனமுவந்து பணிபுரிந்தனர். 1576 வரை அப்பொறுப்பை வகித்தார். நோயாளிகளுக்காகப் புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை மக்களின் பொருளுதவி கொண்டே அமைத்தார். 1553இல் அவ்வூர் தாக்கப்பட்டபோது பகைவர் கையில் அகப்பட்டுச் சிறைத் துன்பமும் அனுபவித்தார்.

பிள்ளைகளின் கல்வியில் அவர் காட்டிய அக்கறை தனித்துக் கூறத்தக்கது. சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் நாள்தோறும் தனித்தனியே பாடம் நடந்தது. பெண்பிள்ளைக்குப் பாடம் எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளில் கேட்கப்பட்டு ஒழிந்தது அண்மைக் காலத்தில்தானே! உபதேசியார்களைத் தேர்ந்து பழக்குவதிலும் அவர் நாட்டம் செலுத்தினார். ஆனால் ஊருக்கு ஊர் ஓலையில் எழுதிக் கொடுத்தால் எழுதுவோன் கைப்பிழை புகும்; பாடம் ஊருக்கொரு விதமாகும். எங்கும் ஒரே பாடமாக இருக்க வேண்டுமானால் அச்சு வேண்டும்.

கோவாவில் 1556 முதல் அச்சுப்பொறி இருந்தது. தமிழ் எழுத்து இல்லை. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் ஞானோபதேச நூல் ஒன்றிலும் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே இருந்தன. தமிழ்ப் பிள்ளைக்கு அது பயன்படாது. 1577இல் கோவாவில் ஜான் கொன்சால்வஸ் என்னும் சேசு சபைச் சகோதரர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜான் த ஃபாரியா அடிகளார் அவற்றினும் சிறந்த எழுத்துக்களை உருவாக்கினார். செலவுக்குரிய பொருளைக் கடற்கரை மக்கள் திரட்டிக் கொடுத்தனர். அரசனோ வணிகனோ கொடுத்ததன்று. கடலில் மூச்சடக்கி மூழ்கியவர் ஈட்டிய காசு.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிடத் தொடங்கியது இதற்கு 135 ஆண்டுகளுக்குப் பின்னரே. நம் புதுவை மிஷன் அச்சுக்கூடமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது.

அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. மார்க்கஸ் ஜார்ஜ் என்பவர் போர்த்துக்கல் சிறுவர்க்காக எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் அது. ஆசிரியனும் மாணாக்கனும் வினாவும் விடையுமாக உரையாடுவதாய் அமைந்தது. இதே மூலநூல் பின்னர் ஜப்பானிய மொழிக்கும் கொங்கணிக்கும் ஆப்பிரிக்கக் கொங்கோ நாட்டு மொழிக்கும் சென்றது. அவற்றுக்கெல்லாம் முன்னே தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பெற்றுவிட்டனர். 1580இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூலும், 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன.

அந்நூல்களின் நடையை இக்காலத்தார் படித்தால் இடறுவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. ஓலை மரபே அச்சிலும் தொடர்ந்தது. போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழுடுப்பில் நிறைய உலவுகின்றன. பாவசங்கீர்த்தன நூலின் பெயரே கொம்பெசியோனாயரு என்பதாகும். இதனைக் கண்டு எள்ளுவோர் உண்டு. எள்ளல் வேண்டியதில்லை என்பது என் கருத்து. தவறான பொருள் தரும் சொல்லைவிடப் பொருளை இனிமேல் கற்றுக்கொள்ளக்கூடிய புதுச் சொல் மேல் என அவர் எண்ணியிருத்தல் கூடும். மேசை, சாவி, அலமாரி எல்லாம் அந்த வழியாக வந்தவை தாமே?

அவரிடம் குறையே இல்லை என்று எழுதுவதும் உண்மையாகாது. அவர் காலத்துக் குருமார்க்கு இருந்த பிற சமய வெறுப்பு அவருக்கும் இருந்தது. பேரரசின் படைபலம் தம் பின்னால் நிற்பதை அவர் குறையாகக் கருதியதாகவும் தெரியவில்லை. அவருக்குத் துணையாய் அக்கரையில் பணியாற்றிய பேதுரு லூயிஸ் என்னும் கொல்லத்துப் பிராமணர் 1561இல் சேசு சபையில் சேர்ந்தார். முதல் இந்திய சேசு சபையினர் அவர். அவருக்குப் பின் நெடுங்காலம் இந்தியர்க்கு அச்சபையின் கதவு திறக்கவில்லை.

அடிகளார் முதுமையடைந்து உடல் தளர்ந்திருந்தபோது இன்னொன்றும் நடந்தது. 1593ஆம் ஆண்டு டிசம்பரில் உரோமையில் கூடிய சேசு சபைப் பொதுப் பேரவை, யூத வழியிலோ முஸ்லிம் வழியிலோ பிறந்தோரை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என விதி செய்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அச்சபைக்கு உழைத்து, அதன் பெயரால் தமிழில் முதல் நூலை அச்சேற்றிய முதியவர் அப்போது உயிரோடிருந்தார். அன்று அவர் ஓர் இளைஞராகக் கொயிம்பிராவில் வந்து நின்றிருந்தால் வாயிலிலேயே திருப்பப்பட்டிருப்பார். 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் அவர் உயிர் நீத்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நூல்கள் காலப்போக்கில் மறக்கப்பட்டன. அடியார் வரலாற்றின் படி ஒன்றைத் தனிநாயகம் அடிகளார் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டார். இராசமாணிக்கம் அடிகளார் அதனை 1967இல் பதிப்பித்தார். தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில் கிடந்து 1982இல் அச்சேறியது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

அடிகளார் மறைந்து ஆறே ஆண்டுகளில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி உயர்சாதியினரின் கோலத்தை மேற்கொண்டார். 1640 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பட்டனர். கோயில் ஒன்றாயினும் இருக்கை இரண்டாயிற்று. நம் ஊர்ச் சம்பா கோயிலுக்குள்ளும் நம் முன்னோரைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் திரண்டு சென்று பெரிய குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதனை எழுதி வைத்திருக்கிறார். சுவர் போன பின்னும் தனியிடம் என்னும் வழக்கம் நம் பக்கத்துக் கோயில்களில் நெடுநாள் போகவில்லை. 1593இல் செய்த விதியைச் சேசு சபை முற்றிலும் நீக்கியது 1946இல்.