புற்றுநோயோடு ஜகார்த்தா போய் தங்கம் வாங்கித் தந்த ரகீம் வாத்தியார்

ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியா கடைசியாக தங்கம் வாங்கியது 1962-ம் ஆண்டு. அந்த தங்கத்துக்குப் பின்னால் நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரகீம். அப்போது அவர் நுரையீரலை புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது.

ரகீம் 1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு பாடம் நடத்திக் கொண்டிருந்தவருக்கு கால்பந்து என்றால் உயிர். 1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு பயிற்சியாளர் ஆனார். அவ்வளவுதான். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே!

இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வீழ்த்தி தங்கம். ஆனால் அடுத்த வருஷமே பலத்த அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. நம்ம ஆட்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது.

வாத்தியார் துவண்டு போகவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று சாய்த்தார்கள் அவரது பிள்ளைகள். இந்தியாவுக்கு 4-வது இடம்.

அடுத்து ஜகார்த்தா, 1962. உடம்பில் நோய். முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2 என தோல்வி. போதாக்குறைக்கு, இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்த விவகாரத்தில் இந்திய அதிகாரி ஒருவர் கேள்வி எழுப்பியதால், உள்ளூர் ஜனங்களுக்கு நம்ம மேல் ஒரே கோபம்.

வீரர்களோ ஆளுக்கொரு ஊர். கேப்டன் சுனி கோஸ்வாமியும் பி.கே.பானர்ஜியும் வங்காளத்தில் ஆடியவர்கள். ஜர்னைல் சிங் பஞ்சாப்காரர். பலராம் ஐதராபாத், பிராங்கோ கோவா, சந்திரசேகர் கேரளா. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடியவர். பாஷை வேறு, மதம் வேறு. எல்லோரையும் ஒரே குடும்பமாகக் கட்டிப் போட்டவர் ரகீம்தான்.

தாய்லாந்து, ஜப்பான், தெற்கு வியட்நாம் என வரிசையாக வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்கு வந்தாச்சு. எதிரே மறுபடியும் தென்கொரியா. ஜர்னைல் சிங் தலையில் தையல். தடுப்பாட்டக்காரரான அவரை முன்வரிசையில் இறக்கினார் ரகீம். காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜை கோல் முன்னால் நிறுத்தினார். தனக்கு ஒரே ஒரு பரிசு வேணும், அது நாளைய தங்கம்தான் என்று முதல் நாள் ராத்திரி அவர் வீரர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

செப்டம்பர் 4. அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். பானர்ஜி ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1 என வெற்றி. வாத்தியார் கேட்டதை பிள்ளைகள் கொடுத்து விட்டார்கள்.

அதன்பிறகு 9 மாதம்தான். 1963 ஜூன் 11-ந்தேதி ரகீம் கண்ணை மூடினார். வயசு 53.

60 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த தங்கம் இந்தியாவுக்கு மறுபடி கிடைக்கவில்லை. அவரது வாழ்க்கை ‘மைதான்’ என்ற பெயரில் இந்திப் படமாகி 2024-ல் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.