நீதிமேடை ஏறிய தர்குட் மார்ஷல்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவோர் இம்மலரில் பலர் இருப்பர். ஆதலின், அவரைப் போலவே சட்டத்தைக் கருவியாகக் கொண்டு தம் மக்களுக்காக வாழ்ந்த வேறொருவரைத் தேர்ந்துகொண்டேன். அவரே அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். அவர் வென்ற வழக்குகளின் பெருமையைவிட, அவரை நீதிபதி இருக்கையில் அமர்த்துவதற்கு நிகழ்ந்த அரசியலே நம் இளைஞர்கள் அறியத்தக்கது என்று எண்ணுகிறேன்.

மார்ஷல் 1908ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் அடிமைகளாய் வாழ்ந்தவர்கள். தந்தை வில்லியம் இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் பரிமாறும் பணியாளர். தாய் நார்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. தந்தைக்கு ஒரு விந்தையான பொழுதுபோக்கு உண்டு. ஓய்வு கிடைத்த போதெல்லாம் நீதிமன்றத்திற்குச் சென்று வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார். உணவு வேளையில் மக்கள் கூறும் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்டு மடக்குவார். மார்ஷல் பள்ளியில் குறும்புக்காரர். குறும்பு செய்த மாணவர்களை அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்கச் செய்வது அப்பள்ளியில் தரப்பட்ட தண்டனை. அடிக்கடி தண்டனை பெற்றமையால் அச்சட்டம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பிரம்பை நம்பும் ஆசிரியர் எவரேனும் இதைப் படிப்பராயின் சற்றே சிந்திப்பாராக.

சட்டம் பயில விரும்பிய அவருக்குச் சொந்த ஊரிலேயே மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் அங்குக் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. ஆகவே வாஷிங்டனிலிருந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் இரயிலேறிச் சென்று படித்தார். கட்டணம் கட்டுவதற்காக அவருடைய தாய் தம் திருமண மோதிரங்களை அடகு வைத்தார். நம் தாய்மார்களுக்கு இச்செய்தியை விளக்க வேண்டியதில்லை. அங்கே சார்ல்ஸ் ஹூஸ்டன் என்னும் கறுப்பினப் பேராசான் அவரைப் பட்டை தீட்டினார். 1933ஆம் ஆண்டு முதல் மாணவராகத் தேறினார் மார்ஷல். ஈராண்டுகளே கழிந்த நிலையில், அதே மேரிலாந்துச் சட்டக் கல்லூரியின் மீது ஒரு கறுப்பின மாணவருக்காக வழக்காடி, அதன் கதவைத் திறக்கச் செய்தார். உடன் நின்று வழிகாட்டியவர் ஆசான் ஹூஸ்டன்.

பின்னர்க் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காக நிறுவப்பெற்ற தேசியச் சங்கத்தின் வழக்கறிஞரானார். அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டு கடிதம் எழுதித் தொடர்பு கொண்ட அறிஞர் டு போய்ஸ், அச்சங்கத்தை நிறுவியோருள் ஒருவர் என்பதை ஈண்டு நினைவு கூரலாம். தென் மாநிலங்களின் சிற்றூர்களில் உயிருக்கு அஞ்சியபடியே மார்ஷல் வழக்காடினார். உச்ச நீதிமன்றத்தில் அச்சங்கத்திற்காக அவர் வாதிட்ட 32 வழக்குகளில் 29இல் வெற்றி கண்டார். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி வைப்பது சட்டத்திற்கு மாறானது என 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அவற்றுள் தலையாயது.

அமெரிக்க நாட்டில் உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட மத்திய நீதிமன்றங்களின் நீதிபதிகளை அதிபர் முன்மொழிவார். செனட் எனப்படும் மேலவை இசைவு தர வேண்டும். அதற்கு முன் அவையின் நீதித்துறைக் குழு அவரை நேரில் அழைத்து வினவும். நம் நாட்டு நாடாளுமன்றத்திற்கு இத்தகைய வேலை இல்லை. குழுவின் தலைவர் மனம் வைத்தால் ஒரு பெயரை விரைவாக முன்னே தள்ளலாம். மனம் வைக்காவிடில் பெட்டியில் பூட்டியும் வைக்கலாம். அக்காலத்தில் அக்குழுவின் தலைவராயிருந்தவர் மிசிசிப்பி மாநிலத்து ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். பருத்தித் தோட்ட உரிமையாளர். நிறப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர்.

1961ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிபர் கென்னடி மார்ஷலை மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். ஈஸ்ட்லண்டோ மறுப்புச் சொல்லவில்லை, காலம் கடத்தினார். சிறு குழு ஒன்றை அமைத்து விசாரணையைத் தவணை தவணையாக இழுத்தடித்தார். செனட் கூடாத வேளையில் அதிபர் செய்த தற்காலிக நியமனத்தைக் கொண்டு மார்ஷல் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு மேலே இசைவு என்னும் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அதே 1961இல் ஈஸ்ட்லண்டின் கல்லூரி நண்பரான ஹரால்ட் காக்ஸ் மிசிசிப்பியில் மத்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இதனைக் கொடுத்து அதனைப் பெற்ற பேரம் என்று அந்நாளில் பேசப்பட்டது. பேரம் மெய்யோ பொய்யோ, காக்சின் பெயருக்கு இசைவு கிடைக்கத் தாமதம் ஏற்படவில்லை என்பது மெய். மார்ஷலுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் 54 பேர் ஆதரவாகவும் 16 பேர் எதிராகவும் வாக்களிக்க, இசைவு கிடைத்தது. அந்நீதிமன்றத்தில் அவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்புகளுள் ஒன்றையேனும் உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை.

1965இல் அதிபர் ஜான்சன் அவரை அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக அழைத்தார். ஆயுட்காலப் பதவியான நீதிபதி வேலையைத் துறந்து, ஊதியமும் குறைவான இப்பணிக்கு வந்தார் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக நின்று வாதிடும் கறுப்பினத்தவரை நாடு கண்டு பழகட்டும் என்பது ஜான்சனின் கணக்கு எனக் கருத இடமுண்டு. ஆனால் இருக்கை காலியாக வேண்டுமே! அதற்கும் ஜான்சன் வழி கண்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி டாம் கிளார்க்கின் மகன் ராம்சே கிளார்க்கை அட்டர்னி ஜெனரலாக 1967இல் நியமித்தார். மகனின் துறை வழக்காட, தந்தை தீர்ப்புரைப்பது முறையன்று என்று தந்தை ஓய்வு பெற்றார். மறுநாளே, ஜூன் 13ஆம் நாள், மார்ஷலின் பெயரை அறிவித்தார் ஜான்சன். டெக்சாசுக்காரரான அந்த அரசியல்வாதியின் சூழ்ச்சித் திறனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தகுதி மார்ஷலிடம் முப்பது ஆண்டுகளாக இருந்தது. காலியிடத்தை உண்டாக்கியது தகுதியன்று.

மீண்டும் அதே குழு. மீண்டும் அதே ஈஸ்ட்லண்ட். ஜூலையில் ஐந்து நாள்கள் விசாரணை நடைபெற்றது. தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், அரசியலமைப்பின் 13, 14ஆம் திருத்தங்களின் வரலாற்றிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட நுணுக்கமான வினாக்களைத் தொடுத்தார். நூறாண்டுகளுக்கு முன் அத்திருத்தத்தை வகுத்த குழுவில் யார் யார் இருந்தனர் என்பது போன்ற வினாக்கள் அவை. அவற்றுட் பலவற்றிற்குத் தமக்குத் தெரியாது என்று மார்ஷல் அமைதியாகக் கூறினார். படிப்பறிவில்லாதவர் என்று காட்டி வாக்குரிமையை மறுப்பதற்காகத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு வைக்கப்பட்ட தேர்வுகளும் இத்தகையனவே. ஊரறிந்த வழக்கறிஞருக்கும் அதே தேர்வு வைக்கப்பட்டது. தென்னாட்டு வெள்ளையர் மீது அவருக்கு வெறுப்பு உண்டோ என்று ஈஸ்ட்லண்ட் வினவினார். அவர் நிறத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து மறுக்கவில்லை. சட்டத்தைத் தம் விருப்பம்போல் வளைப்பார் என்றும், குற்றவாளிகளிடம் இளகிய மனம் காட்டுவார் என்றும் கூறினர். அந்த ஜூலையில் நியூவர்க், டெட்ராய்ட் நகரங்களில் கலவரத் தீ எரிந்தது. அத்தீயின் வெளிச்சமும் அவ்விசாரணை மேல் விழுந்தது.

குழு 11க்கு 5 என இசைந்தது. ஆகஸ்ட் 30ஆம் நாள் அவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 69, எதிர்ப்பு 11, எஞ்சிய 20 பேர் வாக்களிக்கவில்லை. ஆதரித்தால் ஊரில் வாக்குப் போகும், எதிர்த்தால் அதிபரின் பகை வரும் என்ற நிலையில், வராமல் இருந்துவிடுமாறு தென்னாட்டவர் பலரை ஜான்சன் இணங்கச் செய்திருந்தார். எதிர்த்த பதினொருவரில் பதின்மர் அதிபரின் சொந்தக் கட்சியாகிய ஜனநாயகக் கட்சியினர்! எஞ்சிய ஒருவராகிய தர்மண்டும் மூன்றாண்டுகளுக்கு முன்புவரை அக்கட்சியிலிருந்தவரே. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் அவரைத் தவிர எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. கட்சியின் பெயரை மட்டும் பார்த்து நண்பரையும் பகைவரையும் கணக்கிடுவோர் இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நலம்.

மார்ஷல் அந்நீதிமன்றத்தின் 96ஆம் நீதிபதி. அவருக்கு முந்திய 95 பேரும் வெள்ளையர். அவருக்குத் தனியே உறுதிமொழி செய்துவைத்த நீதிபதி ஹியூகோ பிளாக், இளமையில் கு க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வெறிக் கூட்டத்தில் உறுப்பினராயிருந்து, பின் மனம் மாறி 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் கையொப்பமிட்டவர். (நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தில் பட்டியல் இனத்தவர் ஒருவர் முதன்முதலாக அமர்ந்தது 1980ஆம் ஆண்டு டிசம்பரில்; அவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதியரசர் வரதராசன்.)

இருபத்துநான்கு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். தூக்குத் தண்டனையை எதிர்த்தார். ஏழை வட்டாரப் பள்ளிகளுக்குப் பணம் குறைவாய்க் கிடைப்பது சரியே என்று 1973இல் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தபோது மறுப்புத் தீர்ப்பு எழுதினார். அடுத்தடுத்து வந்த அதிபர்கள் வேறு கருத்துடையோரை நியமிக்க நியமிக்க, அவர் பெரும்பாலும் மறுப்புத் தீர்ப்பே எழுதுபவரானார். உடல் நலிந்து 1991ஆம் ஆண்டு ஜூனில் ஓய்வை அறிவித்தார். அதிபர் புஷ் அவ்விடத்திற்குக் கிளாரன்ஸ் தாமஸ் என்னும் கறுப்பினத்தவரையே முன்மொழிந்தார். ஆனால் இட ஒதுக்கீடு போன்றவற்றில் தாமசின் கொள்கை மார்ஷலின் கொள்கைக்கு நேர்மாறானது. மார்ஷல் உழைத்து வளர்த்த அதே சங்கம் தாமசை எதிர்த்தது. இம்முறை வாக்கு 52க்கு 48. நம்மவர் ஒருவர் இருக்கையில் அமர்ந்தால் போதுமா, அவர் யாருக்காக அமர்கிறார் என்பதையும் பார்க்க வேண்டுமா என்று அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே அன்று எழுந்த வாதம் வீடுகளையும் இரண்டாக்கியது.

மார்ஷல் 1993ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் தமது 84ஆம் வயதில் மறைந்தார். ஆபிரகாம் லிங்கனின் உடலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட மேடையின் மீது, உச்ச நீதிமன்றத்தின் பெருமண்டபத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் ஜனவரிக் குளிரில் படிக்கட்டுகளையும் கடந்து வரிசையில் நின்றனர்.