'அல்ஹிலால்' ஆசிரியர்

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களைச் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி மந்திரி என்று அனைவரும் அறிவர். அவர்களுடைய பத்திரிகைப் பணியை நம் வீடுகளில் அறிந்தோர் சிலரே. அதனையே இங்கு எழுதுகிறோம்.

1888ல் மக்கா ஷரீஃபில் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் கல்கத்தாவில் ஏராளமான முரீதுகளைப் பெற்றிருந்த ஷைகு. மகனைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஓத வைத்தார்கள். மத்ரஸாவில் நாம் ஓதிய அதே கிதாபுகள்தாம்! ஆனால் அவர்களோ 1903ல், பதினைந்தாம் வயதிலேயே, 'லிஸானுஸ் ஸித்க்' என்னும் இதழைத் தொடங்கிவிட்டார்கள்.

1912 ஜூலை 13ல் கல்கத்தாவிலிருந்து 'அல்ஹிலால்' வார இதழ் உதயமாயிற்று. உருதுப் பத்திரிகைகள் கல்லச்சில் வந்த காலத்தில் இது அச்செழுத்தில், படங்களுடன் வந்தது. அதைவிடப் பெரிய புதுமை அதன் பேச்சு. ஆங்கில ஆட்சிக்கு அடங்கியிருப்பதே சமுதாயத்திற்குப் பாதுகாப்பு என்று தலைவர்கள் பலர் கருதிய நாளில், அநீதிக்கு முன் வாய்மூடியிருப்பது முஸ்லிமுக்கு ஆகாது என்று குர்ஆன் ஆயத்துகளைக் கொண்டே வாதிட்டார்கள். இரண்டாண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் விற்றன என்று தம் நூலில் சொல்கிறார்கள்.

1913ல் கான்பூரில் சாலைக்காகப் பள்ளிவாசலின் ஒளுச் செய்யும் இடத்தை அரசினர் இடித்தனர். திரண்டு எதிர்த்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மவுத்தாயினர். 'அல்ஹிலால்' கொதித்து எழுதிற்று. அதே ஆண்டில் அரசு 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. பிறகு அது பறிமுதலாகி, 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. 1914 நவம்பரில் பத்திரிகை நின்றது.

மௌலானா ஓயவில்லை. அடுத்த ஆண்டே 'அல்பலாக்' வந்தது. 1916ல் அவர்களை வங்காளத்திலிருந்தே வெளியேற்றினர். வேறு பல மாகாணங்களும் கதவடைத்தன. ராஞ்சி சென்று, 1919 முடியும் வரை அங்கேயே காவலில் இருந்தார்கள். அப்போதும் ஜும்ஆவில் பயான் செய்து, மத்ரஸா ஒன்றையும் நிறுவினார்கள்.

பத்திரிகையும் ஜாமீனும் போனது பெரிதல்ல. நம் நெஞ்சை வருத்துவது வேறு. அவர்கள் எழுதிவந்த குர்ஆன் மொழிபெயர்ப்பு, தப்ஸீர் கையெழுத்துப் பிரதிகளைப் போலீசார் சோதனையில் அள்ளிச் சென்றனர். மீண்டும் எழுதினார்கள். 1921ல் கைதானபோது அவையும் போயின. திரும்பக் கிடைத்தவை சிதைந்த தாள்களே. பல ஆண்டு மனச்சோர்வுக்குப் பின் மூன்றாம் முறை பேனா எடுத்தார்கள். 'தர்ஜுமானுல் குர்ஆன்' முதற்பாகம் 1931ல் வெளியாயிற்று. அடுத்த பாகம் 23வது சூராவான அல்முஃமினூனுடன் நின்றது. 1958 பிப்ரவரி 22ல் மௌலானா வஃபாத்தாகும் வரை எஞ்சிய பகுதி வெளிவரவேயில்லை.