வாலஸ் ஜான் எக்கர்ட்

வாலஸ் ஜான் எக்கர்ட் (ஜூன் 19, 1902 – ஆகஸ்ட் 24, 1971) ஓர் அமெரிக்க வானியலாளர் ஆவார். நிலா, கோள்கள் ஆகியவற்றின் நிலைகளை இயந்திரங்களைக் கொண்டு கணிக்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். எனியாக் கணினியை உருவாக்கிய பிரெஸ்பர் எக்கர்ட் வேறொருவர். இருவரும் உறவினர் அல்லர்.

வாழ்க்கை

பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த எக்கர்ட், பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்பியனில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். 1926 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். 1931 இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நிலாவின் இயக்கக் கோட்பாட்டை வகுத்த எர்னெஸ்ட் பிரவுன் அங்கு இவருடைய ஆசிரியராக இருந்தார்.

துளையட்டைகள்

வணிகக் கணக்குகளுக்கான துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு நிலாவின் நிலைகளைக் கணிக்க முடியும் என்பதை இங்கிலாந்தில் கோம்ரி முன்னரே காட்டியிருந்தார். எக்கர்ட் ஒரு படி மேலே சென்றார். ஐபிஎம் நிறுவனம் கொலம்பியாவுக்கு வழங்கிய இயந்திரங்களை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியால் இணைத்து, அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய செயல்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தினார். இதனை நிரலின் முன்னோடி எனலாம். இம்முறைகளை விளக்கும் இவருடைய நூல் 1940 இல் வெளிவந்தது.

அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் பஞ்சாங்க அலுவலகத்துக்கு இயக்குநரானார். போர்க்காலத்தில் விண்மீன்களைப் பார்த்து வழியறிந்த விமானிகளுக்கு, அட்டவணையில் ஓர் எண் பிழைத்தாலும் ஆபத்தே. கணக்கு சரியாக இருந்தாலும் அச்சுக்கோர்க்கும்போது பிழை நுழையும் என்பதால், துளையட்டைகளே தட்டச்சுப்பொறியை இயக்கி அச்சுப்படியை உருவாக்குமாறு செய்தார்.

நிலாவின் கணிப்பு

பிரவுனின் கோட்பாட்டில் நிலாவின் நிலை ஏறத்தாழ 1,650 உறுப்புகளின் கூட்டுத்தொகையாக அமைகிறது. கையால் இத்தனையையும் கணிப்பது இயலாது. ஆகவே பிரவுன் 1919 இல் அட்டவணைகளை வெளியிட்டார்; அவற்றில் செய்த சுருக்கங்களால் சிறு பிழைகள் தங்கிவிட்டன. 1948 ஜனவரியில் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கிய ஐபிஎம்மின் எஸ்எஸ்இசி கணினியில் எக்கர்ட் அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, மூலத்தொடரையே நேரடியாகக் கூட்டும் நிரலை இயக்கினார். ஒரு நிலையைக் கணிக்க சுமார் 9,000 பெருக்கல்களும் 11,000 கூட்டல், கழித்தல்களும் தேவைப்பட்டன. இதற்கு ஆன நேரம் ஏழு நிமிடங்கள். தெருவில் செல்வோர் கண்ணாடிச் சாளரம் வழியே இந்த இயந்திரத்தைக் காண முடிந்தது. இப்பணியின் பயனாக 1954 இல் வெளியான அட்டவணை, 1952 முதல் 1959 வரையிலான நிலாவின் நிலைகளைத் தந்தது.

அதே கணினியில் வெளிக்கோள்கள் ஐந்தின் பாதைகளையும் 1653 முதல் 2060 வரை நாற்பது நாள் இடைவெளியில் கணித்தனர். புளூட்டோ அப்போது கோளாகவே எண்ணப்பட்டது. புரூவர், கிளெமன்ஸ் ஆகியோருடன் இணைந்து இதனை 1951 இல் வெளியிட்டார்.

சிறப்பு

1966 இல் ஜேம்ஸ் கிரேக் வாட்சன் பதக்கம் பெற்றார். நிலாவின் மாரே கிரிசியம் சமவெளியில் உள்ள ஒரு சிறு கிண்ணக்குழிக்கு எக்கர்ட் எனப் பெயரிடப்பட்டுள்ளது.