62 வயதில் தொடங்கிய ஏடு

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார ஏட்டின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதருக்கு அப்போது வயது 62. எழுதத் தொடங்கும் காலம் கடந்துவிட்டதென இருபத்தைந்து வயதிலேயே சோர்ந்துபோகும் நம் கல்லூரித் தோழர்களுக்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

1845இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசானின் பெயரையே பின்னர்த் தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவம் அவரது தொழில். வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தவர். 1885இல் ஜான் இரத்தினத்தோடு இணைந்து ‘திராவிட பாண்டியன்’ இதழில் பணியாற்றினார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவு, பள்ளி, நிலம் ஆகிய உரிமைகளைக் கோரினார். ஆலயம் என்றதுமே எதிர்ப்பு எழுந்தது. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

நீதிமன்றத்தில் நாள்தோறும் மனு எழுதும் எனக்கு இந்த வரிசை ஒன்றை உணர்த்துகிறது. மனுவைப் படிப்பவர் அதிகாரத்தில் இருப்பவர். அவர் அதை ஒதுக்கிவிட்டால் எழுத்து அங்கேயே முடிந்துபோகும். ஏட்டைப் படிப்பவர்களோ நம் மக்கள். பண்டிதர் மனுக்களைக் கைவிடவில்லை. ஆனால் தம் சிந்தனையின் முழு எடையையும் ஏட்டின் மீதே வைத்தார்.

ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்வேட்டை, 1914 மே 5இல் மறையும்வரை நடத்தினார். அரசியல், வரலாறு, சமயம், இலக்கியம், மருத்துவம் என அனைத்தையும் எழுதினார். வாசகர் கேள்விகளுக்கும் விடையளித்தார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அவ்வேட்டில் தொடராக வளர்ந்த நூல். பெருநூல் ஒன்றை மனத்திலேயே சுமந்துகொண்டு ஒரு பக்கமும் எழுதாதிருப்பவர்கள் இந்த வழியை எண்ணிப் பார்க்க வேண்டும்: இந்த வாரத்துக்குரியதை இந்த வாரம் எழுதிவிடுவது.

வாசகர்கள் சென்னைக்குள் அடங்கவில்லை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடையே ஏட்டுக்கு வலுவான ஆதரவு இருந்தது. சென்னையிலிருந்து அங்கே செல்லும் இரயில் பாதை நம் ஜோலார்பேட்டை வழியேதான் போகிறது. பக்கத்துத் திருப்பத்தூரிலும் பௌத்த சங்கக் கிளை இயங்கியது, அவ்வூர் ஏ.பி. பெரியசாமிப் புலவர் ‘தமிழ’னில் எழுதியவர். தோல் ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் எழுதவரும் இளைஞருக்கு முன்னோடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் எழுதிய அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகள் பல இன்றைய மொழியியல் முன் நிற்கமாட்டா. அருந்ததியர் உள்ளிட்டோரைப் பூர்வ பௌத்தரிடமிருந்து பிரித்துத் தாழ்வாக வைத்தது, விடுதலையை எழுதியவரின் எழுத்திலேயே தங்கிவிட்ட சாதியம். தோல் தொழிலில் உழன்ற மக்களின் மண்ணிலிருந்து எழுதும் நாம் அதை மறைக்கக் கூடாது. முன்னோடியைத் திருத்தி எழுதுவதும் நம் வேலைதான்.

அவர் மறைந்தபின் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் ஏட்டை நடத்தினார். 1926 முதல் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதை மீண்டும் வெளியிட்டார். பிறகு நீண்ட மௌனம். இதழியல் வரலாறுகள் பலவற்றில் அவர் பெயரே இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தனர். அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரு தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன; மூன்றாவது 2003இல் வந்தது.