நாவலரவர்கள் விட்ட பதவி

நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலரவர்கள், பேர்சிவல் பாதிரியாரது பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பைபிள் மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். அதன்பொருட்டு இருவரும் ஒருங்கே சென்னை சென்று மீண்டனர்.

1847 டிசெம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலரவர்கள் சைவப்பிரசங்கந் தொடங்கினார். மறுவருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சில மாதங்கள் வரையும் பாதிரியாரது பணியையும் விடாதிருந்தார். கற்பித்த ஆசிரியர்மேல் நன்றி ஒருபால், சமயத்தின்மேற் பற்று ஒருபால். இவ்விரண்டிடையே அவருள்ளம் பட்ட பாடு புறத்தார்க்குப் புலப்படவில்லை. 1848 செப்தெம்பரில் அப்பதவியைத் துறந்தார். சம்பளத்தை உயர்த்துவதாகக் கூறிப் பாதிரியார் தடுத்தும் அவர் இசைந்திலர் என்பர் சரித்திரமெழுதினோர்.

ஆயினும், துறந்தது பதவியையே; அங்குப் பெற்ற பயிற்சியை அன்று. வகுப்புமுறை, படிமுறையான பாலபாடங்கள், அச்சியந்திரம் என்பவற்றையெல்லாம் சைவப்பிள்ளைகளுக்கு ஆக்கினார். இல்லறத்தையும் மேற்கொள்ளாது, 1879ஆம் ஆண்டு இறுதிவரையும் அப்பணியிலேயே நின்றார்.

ஆசிரியர்களே, அன்புடையாரைப் பிரிதல் அரிது. பகையின்றிப் பிரிதல் அதனினும் அரிது. விடவேண்டியதை விடுக, பெற்ற நன்மையை மாத்திரம் விடாதொழிக.